வாக்காளர் அட்டை வந்துவிட்டது, ஐசியைக் காணவில்லை: அம்மா வோட்டுப் போடலாமா?

மட்டக்களப்பு மாவட்டத்து வாகரைப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். 68 வயது அம்மாவின் ஐசி, அதாவது தேசிய அடையாள அட்டை, தொலைந்துவிட்டது. பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு இருக்கிறது, தபாலில் வாக்காளர் அட்டையும் வந்திருக்கிறது, அதுவே போதும் என்கிறாராம் பக்கத்து வீட்டுக்காரர். ஊரே அறிந்த மனுசியிடம் ஐசி கேட்பது நியாயமா என்றும் கேட்கிறார்.

போதாது தங்கச்சி. தபாலில் வரும் அட்டை எந்த வாக்களிப்பு நிலையம், வாக்காளர் இடாப்பில் எத்தனையாம் இலக்கம் என்று அறிவிப்பதற்குத்தான். அது இல்லாமலும் வோட்டுப் போடலாம், ஆளடையாளம் இல்லாமல் முடியாது. பொலிஸ் துண்டு, போட்டோக் கொப்பி, போனில் எடுத்த படம் எதுவும் சரிவராது.

ஐசி கேட்பது நியாயம்தான். உங்கள் அம்மாவை ஊருக்குத் தெரியும், மேசையில் இருக்கிற அலுவலருக்குத் தெரியாது, அவர் பெரும்பாலும் வேறு ஊர்க்காரர். அந்த அலுவலர் அம்மாவின் பெயரையும் இலக்கத்தையும் சத்தமாக வாசிக்க, கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் கோடு போடுவார்கள். முகத்தை ஒப்பிட ஒரு படம் இல்லாவிட்டால் செத்தவர் பேரிலும் வெளிநாடு போனவர் பேரிலும் கள்ள வோட்டு விழும். வோட்டுப் போட ஆளடையாளத்தைக் கட்டாயமாக்கிய 2004ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் அதைத் தடுக்கத்தான் வந்தது.

முதலில் வீட்டைத் தேடுங்கள். அம்மாவுக்கு 60 தாண்டியதால் முதியோர் அடையாள அட்டை எடுத்திருக்கக்கூடும், கிளினிக் கொப்பிக்குள்ளேயோ பாங்குப் புத்தகத்துக்குள்ளேயோ கிடக்கும். அது செல்லும். ஆனால் கவனியுங்கள், ஊர் முதியோர் சங்கம் கொடுத்த உறுப்பினர் அட்டை அல்ல, அரசாங்கம் கொடுத்த, அம்மாவின் படம் உள்ள அட்டை. இரண்டையும் ஒன்றென்று நினைத்து வெயிலில் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போகிற கிழவிகளைப் பார்க்க வயிறு எரியும். காலாவதியாகாத பாஸ்போட்டும் செல்லும்.

ஒன்றும் இல்லையென்றால் படங்களோடு கிராம சேவகரிடம் போய்த் தற்காலிக அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். தேர்தல் ஆணைக்குழு அந்தத் தேர்தலுக்கு மட்டும் தருவது. தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பே விண்ணப்பம் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள், கடைசி நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பிரதேச செயலக வாசலில் ஃபைலோடு நிற்கிற தரகரிடம் மட்டும் போகாதீர்கள். கிராம சேவகரின் கையொப்பம் இல்லாமல் அவராலும் ஒன்றும் நகர்த்த முடியாது, பிறகு எதற்குக் காசு? அதைவிட மோசம், நிவாரணப் பதிவு, வீட்டுத்திட்டம் என்று சொல்லித் தேர்தல் நேரத்தில் வீடு வீடாக ஐசி சேர்க்கிறவர்கள். வோட்டு முடிந்தபிறகுதான் அட்டை திரும்பி வரும். இலக்கத்தை எழுதிக் கொடுங்கள், அட்டையைக் கொடுக்காதீர்கள்.

அட்டை கட்டாயம் என்று சட்டம் போட்ட அரசாங்கம் அதை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கவும் வேண்டாமா? சுனாமியிலும் இடம்பெயர்விலும் பெட்டியோடு பத்திரங்களை இழந்த ஊர்கள் இவை. இங்கே வருசத்துக்கு ஒருதரமாவது நடமாடும் சேவை வைத்தால் இந்தத் தரகர்களுக்கு வேலையே இருக்காது. கேட்டால் ஆளணி இல்லை என்கிறார்கள், தேர்தலுக்கு மட்டும் எப்படி ஆளணி கிடைக்கிறதோ தெரியவில்லை.

அப்புறம் ஒன்று, கிராம சேவகரிடம் போகிறபோதே இடாப்பில் அம்மாவின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயர் இல்லாவிட்டால் எந்த அட்டையாலும் பயனில்லை.