பெட்டியில் 12 சேனல், மைக் குத்த ஆறு இடம்தான்

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊர். பங்குனிப் பொங்கலுக்கு நாடகமும் பட்டிமன்றமும் போடுவோம். இத்தனை வருடமும் வாடகை செட்தான். ஆம்ப்ளிஃபயரும் குழாய் ஸ்பீக்கரும் கோயிலில் இருப்பதால், பல மைக்கை ஒன்றுசேர்க்கும் ஆடியோ மிக்சர் மட்டும் வாங்க நினைக்கிறோம். எட்டு மைக் வேண்டும். மதுரைக் கடையில் 12 சேனல் போதும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: பணம் கொடுக்கும் முன், மிக்சரில் மூன்று துளை உள்ள எக்ஸ்.எல்.ஆர். சாக்கெட் எத்தனை என்று விரல் வைத்து எண்ணுங்கள். பெட்டியில் அச்சிட்ட சேனல் கணக்கில் போன், கீபோர்டுக்கான ஸ்டீரியோ (இடம், வலம் ஜோடி) வாய்களும் சேர்த்தி. ஒரு ஸ்டீரியோவை இரண்டாக எண்ணுவார்கள். யமஹா எம்.ஜி.12 எக்ஸ்.யூ. மிக்சரில் பெயருக்கு 12, மைக் குத்த 6 இடம்தான். அதே வரிசையின் 16 சேனல் மிக்சரில் 10 மைக் குத்தலாம். எந்தக் கம்பெனி பொருளானாலும் இதே எண்ணிக்கையைப் பாருங்கள். உங்களுக்கு 12 பற்றாது.

மைக்கோடு வரும் வயரையும் கவனியுங்கள். விலை குறைந்த மைக்குகளில் மறுமுனையில் பெரிய ஜாக், கடையில் பி-38 என்பார்களே, அதுதான் இருக்கும். அதை லைன் வாயில் குத்தினால் குரல் சோனியாகக் கேட்கும். வயர் நீண்டால் இரைச்சலும் ஏறும். இரண்டு முனையும் எக்ஸ்.எல்.ஆர். உள்ள வயராக வாங்குங்கள். மேடையிலிருந்து 20, 30 மீட்டர் இழுத்தாலும் அது தாங்கும்.

மிக்சரின் மெயின் அவுட்டை ஆம்ப்ளிஃபயரின் லைன் அல்லது ஆக்ஸ் வாயில் கொடுங்கள். மைக் வாயில் கொடுத்தால் சத்தம் கரகரவென்று உடையும். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட், மிக்சரிலிருந்து வருவது ஒரு வோல்ட் அளவு. அந்த வாய் அதைத் தாங்காது. குழாய்க்குப் போகும் 100 வோல்ட் லைனை எக்காரணம் கொண்டும் மிக்சர் பக்கம் கொண்டுவராதீர்கள், மிக்சர் புகைந்துவிடும். முதலில் மிக்சர் சுவிட்ச், கடைசியில் ஆம்ப்ளிஃபயர். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில். மாற்றிச் செய்தால் வரும் அந்த 'டொப்' சத்தம் குழாயின் உள்ளே ஒலி எழுப்பும் யூனிட்டைத் தின்றுவிடும்.

கெயின், அதாவது மைக்கிலிருந்து வருவதை முதலில் பெருக்கும் குமிழ், அதை வைப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. சத்தத்தைத் தள்ளி ஏற்றி இறக்கும் ஃபேடரையும் கெயினையும் கீழே இறக்கி, ஃபேடருக்கு முந்திய அளவை மீட்டரில் காட்டும் அந்தச் சேனலின் பி.எஃப்.எல். பொத்தானை அழுத்துங்கள். ராஜபார்ட் மேடையில் எந்த உரத்தில் பாடுவாரோ அதே உரத்தில் பாடட்டும். "செக், செக்" என்று மெல்லச் சொல்லி வைத்த அளவு, அவர் உச்சத்துக்குப் போனதும் உடைந்துவிடும். மீட்டர் 0 பக்கம் ஆடும்வரை கெயினை ஏற்றுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் கொஞ்சம் இறக்குங்கள். பிறகுதான் ஃபேடர். 80 அல்லது 100 ஹெர்ட்ஸ் என்று போட்ட, அடித்தொனியை வெட்டும் லோ கட் பொத்தானைக் குரல் மைக்குகளுக்கு அழுத்துங்கள், காற்றும் மேடை அதிர்வும் போகும். மிருதங்கத்துக்கு வேண்டாம், தொப்பி எனும் இடப்பக்கத்தின் கும்கி (கனத்த ஒலி) போய்விடும். மின்சாரம் தேவைப்படாத சாதாரண டைனமிக் மைக்குகள்தான் என்றால், மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும்.

ஊளைச் சத்தம் வந்தால் மிக்சரைத் திருகிக்கொண்டிருக்காமல், குழாய் மைக்கைப் பார்த்திருக்கிறதா என்று பாருங்கள். ஆள் பேசாத மைக்கை மூடி வையுங்கள்.

கேள்வி: போனிலிருந்து மிக்சரில் பாட்டுப் போட்டால் வயலினும் தபலாவும் வருகிறது, பாடகர் குரல் மட்டும் காணோம். மிக்சர் போய்விட்டதா? (மேலூர்)

பதில்: மிக்சர் நன்றாகவே இருக்கிறது, வயர்தான் தவறு. போனின் 3.5 மி.மீ. ஸ்டீரியோ ஜாக்கிலிருந்து ஒரே எக்ஸ்.எல்.ஆருக்குப் போகும் வயரை மைக் வாயில் குத்தியிருப்பீர்கள். அந்த வாய் இரண்டாவது ஊசியில் வருவதிலிருந்து மூன்றாவதில் வருவதைக் கழித்து எடுக்கும். நீள வயரில் ஏறும் இரைச்சலை ஒழிக்கும் ஏற்பாடு அது. ஸ்டீரியோ பாட்டில் பாடகர் குரல் பெரும்பாலும் இடம் வலம் இரண்டிலும் சமமாக இருக்கும், கழித்தால் சைபர். ஒரு பக்கம் தூக்கலாகப் பதிவான வாத்தியங்கள் மட்டும் மிஞ்சும்.

ஒரு முனையில் 3.5 ஸ்டீரியோ, மறுமுனையில் இரண்டு மோனோ பி-38 உள்ள வயரை வாங்கி, ஸ்டீரியோ சேனலின் இடம், வலம் வாய்களில் குத்துங்கள்.

கேள்வி: லேப்டாப்பை இணைத்தால் 'உம்ம்' என்ற சத்தம். எர்த் பின்னை வெட்டச் சொல்கிறார்கள்.

பதில்: வெட்டவே வெட்டாதீர்கள். ஈரத் தரையில் நின்று மைக்கைப் பிடிப்பவர் உயிருக்கு அந்தப் பின்தான் காவல். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் இடையில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்டீரியோ டி.ஐ. பாக்ஸ் (லேப்டாப் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி) ஒன்று போதும்.

கேள்வி: வாரண்டியில் இருக்கும் மிக்சர் பழுதாகிவிட்டது, சரிசெய்து தரக் கடைக்காரர் மறுக்கிறார். (திருமங்கலம்)

பதில்: பில்லும் வாரண்டி அட்டையும் கையில் இருந்தால் முதலில் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும்.