ஒரு விண்டோஸை எத்தனை கணினிகளில் நிறுவலாம்?

இயங்குதள உரிமம் பற்றி இம்முறை வந்த கேள்விகள் பலவும் ஒரே சிக்கலைச் சுற்றியே இருந்ததால், அவற்றை மட்டும் தனியே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 10 கணினிகள் உள்ளன. விண்டோஸ் 11 ஒன்றை முறைப்படி பணம் கொடுத்து வாங்கி, அதே பென் டிரைவைக் கொண்டு பத்திலும் நிறுவினோம். இரண்டில் ஆக்டிவேட் ஆகிவிட்டது. மற்றவற்றிலும் வேலை தடையின்றி நடக்கிறது. காசு கொடுத்து வாங்கியதை எங்கள் கணினிகளிலேயே போட்டுக்கொள்வதில் என்ன தவறு?

பதில்: நீங்கள் காசு கொடுத்தது அந்தப் பென் டிரைவுக்கு அன்று. அதிலுள்ள கோப்புகளை மைக்ரோசாஃப்ட் தன் இணையதளத்திலேயே, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இலவசமாக வைத்திருக்கிறது. விலை என்பது, அவற்றை ஒரு கணினியில் நிறுவி இயக்குவதற்கான அனுமதிக்கு உரியது. நிறுவும்போது ஒரு நீண்ட ஒப்பந்தம் திரையில் வருமே, நம்மில் பெரும்பாலோர் ஒரு வரியும் படிக்காமல் ஏற்றுக்கொண்டு கடந்துவிடும் அந்தப் பக்கத்தில் இது ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருக்கிறது: ஒரு சாதனம், அதில் ஒரு நிறுவல், ஒரு நேரத்தில் பயன்படுத்துபவர் ஒருவர். அந்தக் கணக்கில் உங்களிடம் இருப்பது ஓர் உரிமம்; இயங்கிக்கொண்டிருப்பவை பத்து.

ஆக்டிவேட் ஆனதையே அனுமதி கிடைத்ததற்குச் சான்றாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆக்டிவேஷன் என்பது கதவில் போட்ட பூட்டு. உரிமம் என்பது வீட்டுப் பத்திரம். விண்டோஸில் இந்தப் பூட்டு 2001-இல் எக்ஸ்பியோடு வந்தது: 25 எழுத்துகளும் எண்களும் கொண்ட கீயையும், கணினியின் உறுப்புகளைக் கொண்டு கணக்கிட்ட ஓர் அடையாள எண்ணையும் நிறுவனத்தின் சர்வர் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதில் நிறுவுகிறவர் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்பதற்காக அந்தச் சரிபார்ப்பில் கொஞ்சம் நெகிழ்வு இருக்கிறது. உங்கள் இரண்டாவது கணினி அந்த இடைவெளியில் நுழைந்திருக்கலாம். அதனால் இரண்டாவது உரிமம் உங்களுக்குக் கிடைத்துவிடவில்லை. ஆக்டிவேட் ஆகாத எட்டில், திரையின் வலது கீழ்மூலையில் மங்கலான எழுத்துகள் தெரிந்துகொண்டிருக்கும். பின்னணிப் படத்தை மாற்றும் அமைப்பும் பூட்டப்பட்டிருக்கும். வேலை நடக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அது அனுமதியோடு நடக்கும் வேலை ஆகாது.

உடனே ஒன்பது உரிமங்கள் வாங்க ஓடவும் வேண்டாம். அந்தக் கணினிகள் வாங்கியபோதே விண்டோஸோடு வந்தவையா என்பதை முதலில் பில்லில் பாருங்கள். அப்படி வந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே ஓர் உரிமம் இருக்கிறது. அந்தப் பதிப்பை நிறுவினால் போதும்.

கேள்வி: என் பழைய மடிக்கணினி பழுதாகிவிட்டது. அதில் இருந்த விண்டோஸைப் புதிய கணினிக்கு மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: அது எப்படி வந்த விண்டோஸ் என்பதைப் பொறுத்தது. கணினியோடு சேர்ந்தே வந்தது ஓஇஎம் உரிமம். அது பிறந்த கணினியோடே முடிந்துபோகும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து பெரிய தயாரிப்பாளர்கள் அந்தக் கீயை மதர்போர்டிலேயே பதித்து அனுப்புகிறார்கள். மறுபடி நிறுவும்போது கீ கேட்காமலேயே வேலை முடிவது அதனால்தான். தனியாக வாங்கிய ரீட்டெயில் உரிமமாக இருந்தால் மாற்றலாம், ஆனால் பழையதிலிருந்து நீக்கிவிட வேண்டும். விண்டோஸ் 10-இன் 2016 பதிப்பிலிருந்து உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவைக்கும் வசதி உள்ளது. இணைத்து வைத்திருந்தால், புதிய கணினியில் வன்பொருளை மாற்றியதாகத் தெரிவித்து ஆக்டிவேட் செய்துகொள்வது எளிது.

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் 40 கணினிகள். ஒன்றில் எல்லாவற்றையும் நிறுவி, அதை இமேஜ் (வட்டின் முழு நகல்) எடுத்து மற்ற 39-இலும் போட்டோம். பல கணினிகளுக்கு மொத்தமாக வாங்கும் வால்யூம் லைசென்ஸை முறைப்படி வாங்கியிருக்கிறோம், அந்தக் கணினிகளை உள்ளிருந்தே ஆக்டிவேட் செய்துதரும் கேஎம்எஸ் சர்வரும் இருக்கிறது. ஆனாலும் ஒன்றுகூட ஆக்டிவேட் ஆகவில்லை. உரிமத்தில் ஏதாவது குறையா?

பதில்: உரிமத்தில் குறையிருப்பதாகத் தெரியவில்லை, இமேஜ் எடுத்த விதத்தில்தான் சந்தேகம். கேஎம்எஸ் சர்வர் தன்னிடம் வந்து கேட்கும் வெவ்வேறு கணினிகளை எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை 25-ஐத் தொடும் வரை ஒரு கணினிக்கும் ஆக்டிவேஷன் தராது. சர்வர் பதிப்பு விண்டோஸ்களுக்கு இந்த எல்லை 5. ஒவ்வொரு கணினியையும் அதற்கென உருவான ஓர் அடையாள எண்ணைக் கொண்டுதான் அது பிரித்தறிகிறது. சிஸ்பிரெப் என்னும் விண்டோஸ் கருவியைக் கொண்டு பொதுமையாக்காமல், அதாவது அந்தக் கணினிக்கே உரிய அடையாளங்களை நீக்காமல், இமேஜ் எடுத்தால், அந்த எண்ணும் அப்படியே நகலாகிவிடும். உங்கள் கண்ணுக்கு 40 கணினிகள். சர்வரின் கண்ணுக்கு, 40 முறை வந்து கதவைத் தட்டும் ஒரே கணினி. சர்வரில் காட்டும் எண்ணிக்கை ஒன்றிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் காரணம் இதுவே. மூலக் கணினியைச் சிஸ்பிரெப் செய்து, மீண்டும் இமேஜ் எடுத்துப் போடுங்கள். அதற்குப் பிறகும் கணினிகள் குறைந்தது 180 நாட்களுக்கு ஒருமுறையாவது அந்தச் சர்வரைத் தொடர்புகொண்டு புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஆகவே விடுமுறையில் வெளியே கொடுத்தனுப்பும் மடிக்கணினிகளுக்கு, ஒருமுறை ஆக்டிவேட் செய்தால் போதும் என்றிருக்கும் மேக் வகைக் கீயே நல்லது. இது ஆப்பிளின் மேக் அன்று. பெயர்ப் பொருத்தம் மட்டுமே.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பல நிறுவனங்கள் தவறுவது இங்கேதான். மேசைக் கணினிகளுக்கான விண்டோஸ் வால்யூம் லைசென்ஸ் என்பது மேம்படுத்தலுக்கான உரிமம் மட்டுமே. ஒவ்வொரு கணினியிலும் அடிப்படையாக ஒரு தகுதியான விண்டோஸ் உரிமம் முன்பே இருக்க வேண்டும். இயங்குதளமே இல்லாமல் வெற்றாக 40 பெட்டிகளை வாங்கி, வால்யூம் கீ ஒன்றை எல்லாவற்றிலும் போட்டால், அத்தனையும் ஆக்டிவேட் ஆகும். அத்தனைக்கும் அடித்தளம் இருக்காது.

கேள்வி: ஒரே கணினிக்குள் விர்ச்சுவல் மெஷினில் (மென்பொருளால் உருவாக்கிய மெய்நிகர்க் கணினியில்) இன்னொரு விண்டோஸை ஓட்டுகிறேன். கணினி ஒன்றுதானே?

பதில்: விண்டோஸ் ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை இரண்டு. மெய்யான கணினியோ மெய்நிகர்க் கணினியோ, ஒவ்வொன்றுக்கும் தனி உரிமம் வேண்டும். ஆப்பிள் இதில் சற்றுத் தாராளம்: மேக்ஓஎஸ் ஒப்பந்தம் ஆப்பிள் கணினி ஒவ்வொன்றிலும், மென்பொருளை எழுதிச் சோதிப்பது போன்ற குறிப்பிட்ட தேவைகளுக்காக, கூடுதலாக இரண்டு மெய்நிகர் நிறுவல்களை அனுமதிக்கிறது. ஆனால் ஆப்பிள் தயாரிக்காத கணினியில் ஒன்றைக்கூட அனுமதிப்பதில்லை.

கேள்வி: இணையத்தில் மிக மலிவாகக் கிடைக்கும் கீகளை வாங்கிப் போட்டால் கணக்கு நேராகிவிடுமா?

பதில்: கீ வேறு, உரிமம் வேறு. மலிவாக விற்கப்படுபவற்றில் ஏதோ ஒரு நிறுவனத்தின் வால்யூம் கீயிலிருந்து துண்டு துண்டாகப் பிரித்து விற்பவையும் உண்டு. பயன்படுத்திய உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது உண்மையே. ஆனால் விற்பவர் தன்னிடம் உள்ள பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும் என்பதோடு, மொத்தமாக வாங்கிய உரிமத்தைக் கூறுபோட்டு விற்கக் கூடாது என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. தணிக்கைக்கு வருபவர் 25 எழுத்துக் கீயைக் கேட்கமாட்டார், பில்லைக் கேட்பார்.

கேள்வி: இந்தத் தலைவலியே வேண்டாம் என்று லினக்ஸுக்கு மாறினால்?

பதில்: டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளை ஒரு கணினியிலும் நிறுவலாம், ஓராயிரத்திலும் நிறுவலாம், எண்ணிக்கைக் கட்டுப்பாடு கிடையாது. லினக்ஸின் மையப் பகுதியான கருநிரல் (கெர்னல்) ஜிபிஎல் உரிமத்தின் 1991-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பின்கீழ் வழங்கப்படுகிறது. அது நகலெடுப்பதையும் பிறருக்குக் கொடுப்பதையும் வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. திருத்தி வெளியே வழங்குபவர் மூலநிரலையும் தர வேண்டும் என்பதே அதன் முக்கிய நிபந்தனை, வெறுமனே நிறுவிப் பயன்படுத்துபவரை அது தொடுவதில்லை. ரெட் ஹேட்டின் நிறுவனப் பதிப்பு போன்றவற்றில் மட்டும் கவனம் தேவை. அங்கே புதுப்பிப்புகளும் தொழில்நுட்ப உதவியும் சந்தா வழியே வருகின்றன, அந்தச் சந்தா எத்தனை கணினிகளில் நிறுவியிருக்கிறீர்கள் என்று எண்ணித்தான் கணக்கிடப்படுகிறது.