வெளியே வாங்கி மாட்டிய பைக் சைலன்சரின் சத்தத்தைக் குறைக்க முடியுமா?

கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டியதில் சத்தம் காதைக் கிழிக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். குறைக்கலாம். வண்டி நன்றாக ஆறியதும் குழாயின் பின்வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு போல்ட்டோ கிளிப்போ பிடித்திருக்க, உள்ளே சின்னக் குழாய் தெரிந்தால் அதுதான் சத்தத்தைக் குறைக்கும் டிபி கில்லர். வாங்கிய அன்றே அதைக் கழற்றிப் போடுபவர்கள் ஏராளம். உங்களதில் இல்லையென்றால் அதே விட்டத்தில் ஒன்று வாங்கி மாட்டுங்கள். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தம் போலத் தோன்றும்.

முன்பு சரியாக இருந்து இப்போது தகர டப்பா போல் கத்துகிறதா? அப்படியானால் பஞ்சு போயிருக்கும். இந்த வகை சைலன்சர்களில் நடுவே துளைகள் போட்ட குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு. சூட்டில் பஞ்சு கருகி உதிர்ந்து துளைகள் வழியே வெளியேறிவிடும். ரிவெட்டுகளை எடுத்து முனை மூடியைத் திறந்தால் கரியும் தூளும்தான் மிஞ்சியிருக்கும். புதுப் பஞ்சை ஒரே சீராகச் சுற்றுங்கள். கல் போல் திணித்தால் அது சத்தத்தை உறிஞ்சாது. கையுறையும் முகமூடியும் கட்டாயம். அந்த இழை தோலில் பட்டால் அரிப்பு எளிதில் போகாது.

அப்புறம், ஆக்சிலேட்டரை விட்டதும் பட்பட்டென்று வெடித்தால் சைலன்சர் குழாயின் இணைப்பில் காற்று கசிகிறதா என்று பாருங்கள். கேஸ்கெட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் வளையம்) ஓரத்தில் கரிக்கோடு இருந்தால் அதுதான் இடம். கசிவே இல்லையென்றால் பெட்ரோல் கலவை மெலிந்திருக்கலாம், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகாமலிருக்கலாம், அதை ட்யூன் செய்துதான் சரிசெய்ய வேண்டும்.