தடைக்காலத்தில் ஜாஸ் சாக்ஸ்: எதில் தொடங்குவது?

கேள்வி: எனக்கு ஊர் தங்கச்சிமடம். விசைப்படகில் தொழிலுக்குப் போகிறேன். திருவிழா நாட்களில் தேர் பவனிக்கு பேண்ட் செட்டில் ஆல்ட்டோ சாக்ஸ் வாசிப்பேன். சினிமாப் பாட்டு எதுவானாலும் கேட்டே பிடித்துவிடுவேன். ஜாஸ்காரர்கள் மெட்டை விட்டுவிட்டுச் சொந்தமாக வாசித்துக்கொண்டே போகிறார்களே, அது வர வேண்டும். யூடியூப் பார்த்து ஸ்கேல்களைச் சாதகம் செய்தேன். நானாக வாசித்தால் ஏதோ ஒரு ராகத்தை ஏற்றி இறக்குவது மாதிரிதான் இருக்கிறது. சொல்லித்தர இங்கே ஆள் இல்லை. மீன்பிடித் தடைக்காலத்துக்குள் எதை உருப்படியாகப் பிடிக்கலாம்?

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ப்ளூஸ் என்னும் ஜாஸ் வடிவத்தில் ஒன்றே ஒன்றைப் பிடிக்க அது தாராளம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

ஸ்கேல் சாதகத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். உங்களிடம் இல்லாதது ஸ்கேல் அல்ல. அவர்கள் டோரியன் என்பது நம் கரகரப்பிரியா, மிக்ஸோலிடியன் என்பது அரிகாம்போதி. சினிமாப் பாட்டு வழியாக இரண்டும் உங்கள் விரலில் ஏற்கெனவே இருக்கும். நம் இசையில் சட்ஜம் அசையாது, கச்சேரி முடியும் வரை சுருதி ஒரே இடத்தில் நிற்கும். ஜாஸில் அடியில் இருக்கும் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம், மாறிக்கொண்டே போகும். இந்த பாரில் (ஒரு தாளச் சுற்றில்) இனித்த சுரம் அடுத்த பாரில் முட்டும். அந்த மாற்றத்தைக் கவனிக்காமல் வாசித்தால் ராகம் மாதிரிதான் கேட்கும்.

பன்னிரண்டு பார் ப்ளூஸை உங்கள் சாக்ஸில் ஜி-யில் எடுங்கள். முதல் நான்கு பார் ஜி செவன்த் கார்டு, அடுத்த இரண்டு சி செவன்த், மறுபடி இரண்டு ஜி செவன்த். ஒன்பதாவது பார் டி செவன்த், பத்தாவது சி செவன்த், கடைசி இரண்டும் ஜி செவன்த். ஒவ்வொரு பாருக்கும் நான்கு அடி. இந்த 48 அடியை ஓர் ஆவர்த்தனம் மாதிரி, எங்கே நிற்கிறோம் என்று தேடாமல் உணரும் வரை கையில் தாளம் போட்டுச் சுற்றுங்கள்.

முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு கார்டுக்கும் இரண்டே சுரம். ஜி செவன்த்துக்கு பி, எஃப். சி செவன்த்துக்கு பி ஃபிளாட், ஈ. விரலைப் பாருங்கள்: பி-க்கு இடது ஆள்காட்டி விரல் மட்டும். அதே விரலைச் சற்றுக் கீழே சாய்த்து, ஒட்டியிருக்கும் சின்னக் கீயையும் சேர்த்து அமுக்கினால் பி ஃபிளாட். எஃப் பிடித்திருக்கும்போது வலது நடுவிரலையும் வைத்தால் ஈ. கார்டு மாறும் இடத்தில் இரண்டு சுரமும் அரைச் சுரம்தான் இறங்குகின்றன. டி செவன்த் வரும்போது பி ஏறி சி ஆகும், எஃப் ஏறி எஃப் ஷார்ப் ஆகும். ஜி-யைச் சட்ஜமாக வைத்துக் கணக்குப் போட்டால் ஒரே பாட்டில் இரண்டு காந்தாரமும் இரண்டு நிஷாதமும் மாறி மாறி வருகின்றன. கார்டு அடியில் ஒலிக்கும்போது அது காதுக்கு உறுத்தாது.

இதை, தாளம் தட்டும் மெட்ரோனோமை 60-இல் வைத்து, பாருக்கு ஒரு சுரமாக நீட்டி வாசியுங்கள். வாசிக்கும் முன் பாடுங்கள். கார்டு மாறப் போகிறது என்று வாய் முன்கூட்டியே இறங்கினால் ஆயிற்று. ப்ளூஸ் ஸ்கேலை அப்புறம் எடுக்கலாம். சுத்த தன்யாசியோடு பிரதி மத்யமத்தையும் சேர்த்தால் அதுதான். எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள், பலர் அங்கேயே தங்கியும் விடுகிறார்கள். மூன்றாவது வாரம் வரை தள்ளிப்போடச் சொல்வது அதனால்தான்.

ஸ்விங் நடைக்கு உங்களுக்குத் தனிப் பாடம் வேண்டியதில்லை. திஸ்ரத்தில் ‘தகிட’ சொல்லுங்கள், நடுவில் ‘கி’-யை விழுங்குங்கள். ‘த…ட, த…ட’. அந்த ‘ட’-வில் நாக்கைத் தட்டினால் நடை வந்துவிடும். வேகம் கூடக் கூட இரண்டும் சம அளவை நெருங்கும், அதைக் காது பார்த்துக்கொள்ளும்.

காப்பியடிக்க ஒரு சோலோ வேண்டுமென்றால் 1959-இல் வந்த ‘டேக் ஃபைவ்’ எடுங்கள். பால் டெஸ்மண்ட் வாசிப்பதும் ஆல்ட்டோதான். உங்கள் சாக்ஸில் சி மைனர், அடியில் சி மைனர், ஜி மைனர் செவன்த் என்று இரண்டே கார்டு. ஐந்து அடித் தாளம், ‘தகிட தக’ என்று போகும். போனில் வேகத்தைப் பாதியாக்கி, நான்கு நான்கு பாராகப் பாடிப் பிடியுங்கள். ஆல்ட்டோ மேதை சார்லி பார்க்கரை இப்போது தொட வேண்டாம், கேட்டுக்கொண்டிருங்கள். கர்நாடக இசையின் கத்ரி கோபால்நாத்தும் ஜாஸின் ருத்ரேஷ் மஹந்தப்பாவும் சேர்ந்து வாசித்த 2008-ஆம் ஆண்டின் ‘கின்ஸ்மென்’ ஆல்பம் கிடைத்தால் கேளுங்கள். கமகம் நிறைந்த ஆல்ட்டோவும் ஜாஸ் ஆல்ட்டோவும் அதில் அருகருகே ஒலிக்கின்றன.

சாதகத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உப்புக்காற்றில் ஸ்பிரிங் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உள்ளே துணி விட்டுத் துடைத்து, ரீடைக் கழற்றி வையுங்கள்.

தனியாக வாசிக்கும்போது சுருதிப் பெட்டியை ஆறரைக் கட்டையில் வையுங்கள், உங்கள் ஜி அதுதான். அதோடு கார்டு மாறாது என்பதால் வாரம் ஒருமுறையாவது கோயில் பாடகர் குழுவின் கீபோர்டுக்காரரோடு உட்காருங்கள். ஆல்ட்டோவில் ஜி வாசித்தால் ஒலிப்பது கீபோர்டின் பி ஃபிளாட். அதனால் அவரிடம் ‘ஜி’ என்று சொல்லிவிடாதீர்கள், ‘பி ஃபிளாட் ப்ளூஸ்’ என்று சொல்லுங்கள். அவருக்கு பி ஃபிளாட் செவன்த், ஈ ஃபிளாட் செவன்த், எஃப் செவன்த் மூன்றும் போதும்.