ராயபுரத்துல மொட்டை மாடி ஷீட் ரூம்ல ஆன்ட்மைனர் எஸ்19 பிட்காயின் மைனிங் மெஷின் ஓட்டலாமா, ஏசி போட்டா போதுமா?

ஏசிய அப்புறம் பாத்துக்கலாம் ப்ரோ, முதல்ல காத்து வர்ற வழி போற வழிய பாருங்க. நீங்க சொல்ற ஆன்ட்மைனர் எஸ்19 சுமார் 3250 வாட் இழுக்கும், இழுக்கற கரண்ட் அத்தனையும் சூடாத்தான் வெளிய வரும், ஒன்றரை டன் ஏசி முழுசா ஓடுனாலே 5 கிலோவாட் சூட்டத்தான் வெளிய தள்ளும், அதுல பாதிக்கு மேல மெஷினே தின்னுடும், மிச்சம் ஷீட் சூட்டுக்கே பத்தாது, கரண்ட் பில் வேற.

மெஷினோட சுடு காத்து வர்ற பக்கத்த டக்ட் போட்டு நேரா வெளிய விடுங்க, எதிர் செவுத்துல பெரிய ஓட்டை போட்டு வெளிக்காத்த உள்ள இழுங்க. சுடு காத்து சுத்திட்டு திரும்ப உள்ள வந்துச்சுன்னா எத்தன ஃபேன் வெச்சாலும் வேஸ்ட்டு. உள்ள போற காத்து 40 டிகிரிக்குள்ள இருக்கணும், கத்திரி வெயில்ல ஷீட் ரூம்ல அது நடக்காது, மதியம் லோ பவர் மோட்ல போடுங்க இல்ல நிறுத்திடுங்க.

ஏர் கூலர் மட்டும் வாங்கிடாதீங்க, கடலோரத்துல ஏற்கனவே ஈரக்காத்து, அது பெருசா குளிரவும் வைக்காது, ஈரத்த வேற ஏத்திவிடும். காசிமேடு பக்கம் ஜன்னல் கம்பியே எப்பிடி துரு புடிக்குதுன்னு தெரியும்ல, உப்பும் ஈரமும் சேந்தா போர்டையும் அரிச்சிடும். காத்து உள்ள வர்ற பக்கம் ஃபில்டர் வைங்க, அடைச்சிக்காம கழுவுங்க. மெஷின்ல தூசி போக ப்ளோயர் அடிக்கறப்ப பவர ஆஃப் பண்ணிட்டு ஃபேன கையால புடிச்சிக்கோங்க.

சத்தம் 75 டெசிபல் கிட்ட வரும், பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க, அது தனி பஞ்சாயத்து.