அண்ணன்கள் இருவருக்கும் வந்துவிட்டது, தம்பிக்கும் வருமா?

எனக்கு வயது 27. இரண்டு அண்ணன்கள், ஒரு தம்பி. பெரிய அண்ணனுக்கு 19 வயதில் மனச்சிதைவு நோய் தொடங்கியது. எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று கதவைச் சாத்திக்கொள்வார். அவருக்கு மருந்து பிடிபட்டு நாங்கள் மூச்சுவிடுவதற்குள், சின்ன அண்ணனுக்கு 22 வயதில் அதே நோய். தம்பிக்கு இப்போது 17. போனைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று தெரிந்தாலும் வயிறு கலங்குகிறது. “நம் வீட்டில் இது ஆண் பிள்ளைகளுக்கு வருவது, உனக்கு வராது” என்கிறார் அம்மா. அப்படியானால் நான் தப்பித்தேனா? அப்படி நினைத்தாலே குற்ற உணர்வாக இருக்கிறது. எனக்கு வரன் பார்க்கிறார்கள். நாளை எனக்கு மகன் பிறந்தால்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரி,

அம்மா சொல்வதில் கால்வாசி உண்மை. பெண்களில் 10 பேருக்கு வந்தால் ஆண்களில் 14 பேருக்கு வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலோ இருபதுகளின் முதல் பாதியிலோ முந்திக்கொண்டு வந்துவிடும். பெண்களுக்குச் சில ஆண்டுகள் தள்ளி வரும், 45 வயதுக்குப் பிறகு தொடங்குவதும் உண்டு. பெண்களின் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் ஓரளவு தடுத்து நிறுத்துகிறது என்பது ஒரு விளக்கம். அதனால்தான் பல வீடுகளில் ‘ஆண்பிள்ளை நோய்’ என்ற எண்ணம் விழுந்துவிடுகிறது.

அமெரிக்காவில் கால்வின் குடும்பத்தில் 10 மகன்கள், 2 மகள்கள். மகன்களில் 6 பேருக்கு இந்நோய். ஆண் வழி என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டே மகள்களை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்? இன்னொரு குடும்பத்தில் ஒரே பிரசவத்தில் பிறந்த, ஒரே மரபணு கொண்ட நான்கு சகோதரிகளுக்கும் வந்தது, தீவிரம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. ஆண், பெண்ணைத் தீர்மானிக்கும் குரோமோசோம்களிலும் ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தார்கள், உறுதியாக எதுவும் பிடிபடவில்லை. 2022இல் வெளியான பெரிய ஆய்வு மரபணுத் தொகுதியில் 287 இடங்களைத் தொடர்புபடுத்தியது. ஒவ்வொன்றின் பங்கும் துளிதான்.

பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு இந்நோய் வரலாம். உடன்பிறந்தவருக்கு இருந்தால் சுமார் 9 பேருக்கு. இருவருக்கு இருந்தால் இன்னும் சற்று கூடும், மறைக்கவில்லை. ஒரே மாதிரி இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட, ஏறத்தாழ பாதிப் பேரில் மற்றவருக்கு வருவதில்லை. உங்கள் குழந்தைக்கு அது மாமன் வழி உறவு. பழைய குடும்ப ஆய்வுகளின் கணக்கில் 100இல் சுமார் 4. மகனோ மகளோ, இதற்காகக் குழந்தை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

தம்பியின் சிரிப்பை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். வாரக்கணக்கில் தூக்கம் தலைகீழாவது, நண்பர்களை விட்டு விலகுவது, படிப்பு சட்டென்று சரிவது, காரணமில்லாத சந்தேகம், காதில் குரல் — இவை சேர்ந்து வந்தால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கஞ்சா பக்கமே போகக் கூடாது என்று அவனிடம் நேரடியாகச் சொல்லுங்கள், காரணத்தோடு. 17 வயதுப் பையனுக்குப் புரியும். இரண்டு அண்ணன்களையும் அருகில் இருந்து பார்த்தவன், உங்களைவிட அவன்தான் அதிகம் பயந்திருக்கக்கூடும். அவனிடம் யாராவது கேட்டீர்களா?