பனி ஆந்தை: மூன்று லட்சமா, 28,000-ஆ?

உலகில் உள்ள பனி ஆந்தைகளின் எண்ணிக்கைக்கு 28,000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று லட்சத்தை விட்டுவிடுங்கள். கோத்தகிரி பள்ளிக் கண்காட்சிக்கு அட்டை தயாரிக்கும்போது இரண்டும் கிடைத்து, பத்தில் ஒன்பது ஆந்தை செத்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, பழைய கணக்குதான் மிகை.

காரணம் லெம்மிங் என்ற துருவத்து எலி. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை அது பெருகும். பெருகிய இடத்தில்தான் ஆந்தை கூடு கட்டும். அந்த வருடம் தரையில் குழித்த கூட்டைச் சுற்றி எலிகள் வளையமாகக் கிடக்கும், முட்டை பத்தைக்கூடத் தாண்டும். அடுத்த வருடம் அதே மேடு வெறிச்சோடியிருக்கும், பறவை பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். நம் சோலையில் வருடம் முழுக்க ஒரே இடத்தில் குரல் கொடுக்கும் பழுப்புக் காட்டு ஆந்தையைப் போல இதை எண்ண முடியாது. எலி நிறைந்த இடத்தின் எண்ணிக்கையைத் துந்திரம் (மரமில்லாத துருவ உறைநிலம்) முழுவதற்கும் பெருக்கினால் மூன்று லட்சம் வரத்தான் செய்யும்.

ஒன்று பாருங்கள்: எண்ணுக்குப் பக்கத்தில் 'இணை' என்று இருக்கிறதா, 'முதிர்ந்த பறவை' என்றா? 14,000 இணை என்பதும் 28,000 பறவை என்பதும் ஒன்றே.

'சுமார்' என்று மறக்காமல் போடுங்கள், இதுவும் மதிப்பீடுதான். ஆனால் சரிவு உண்மை. 2017-இல் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைக் காட்டும் உலகச் சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்பு இனமாகச் சேர்த்தார்கள். 2013-14 குளிர்காலத்தில் வட அமெரிக்காவின் கிழக்கே ஆந்தைகள் பெருமளவில் இறங்கிய படங்களைப் பெருக்கத்துக்குச் சான்றாக ஒட்டிவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை எலி பெருகிய அந்த ஒரு வருடத்துக் குஞ்சுகள்.